அத்திக்கடவு – அவிநாசித் தண்ணீர் ஏன் இத்தனை வருசம் தாமதமானது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அன்னூர் பக்கத்து விவசாயி:

எங்கள் ஊர்க் குட்டைக்கு அத்திக்கடவுத் தண்ணீர் வரும் என்று அப்பாரு (தாத்தா) சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். பவானி ஆற்றில் மிஞ்சும் தண்ணீரைக் குழாய் வழியாக எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளில் நிரப்பும் திட்டம் அது. அவர் காலத்துக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் நடந்தபோது, மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு நானும் பந்தலில் போய் உட்கார்ந்தேன். 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். 1,652 கோடி ரூபாய்த் திட்டம். பணம் ஒதுக்கியாச்சு, இனி தண்ணீர்தான் பாக்கி என்று நம்பினோம். ஆனால் திறந்தது 2024 ஆகஸ்ட் 17.

ஆட்சி மாறியதால் வந்த தாமதம் என்று சிலர் பேசி முடித்துவிடுகிறார்கள். கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால் நான் கண்ணால் பார்த்தது நிலம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் எடுக்கும் தண்ணீரை ஆறு நீரேற்று நிலையங்கள் படிப்படியாக மேட்டுக்குத் தள்ளுகின்றன. முதல் நிலையம் தள்ளினால்தான் இரண்டாவதற்குத் தண்ணீர். நடுவில் அரை ஏக்கரில் குழாய் நின்றுபோனாலும் மேலே உள்ள அத்தனை குட்டையும் காய வேண்டியதுதான்.

என் மச்சான் பூமி அப்படி ஒரு இடத்தில் இருக்கிறது. ஊரே அவர் தண்ணீருக்குக் குறுக்கே நிற்பதாகப் பேசியது. ஒரு நாள் மஞ்சப்பையில் இருந்த காகிதங்களை எல்லாம் என் முன்னால் கட்டிலில் பரப்பினார். கூட்டுப் பட்டா. இறந்துபோன தாத்தா பெயர் இன்னும் அதில் இருக்கிறது. ஐந்து பங்காளிகள், இரண்டு பேர் வெளியூர். வாரிசுச் சான்று, உட்பிரிவு, நிலுவையில் ஒரு வழக்கு. "தண்ணி வேண்டாம்னு நான் எப்பங்க மாப்ள சொன்னேன்? இழப்பீட்டை யார் பேர்ல குடுப்பீங்கன்னுதானே கேக்கறேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே ஊருக்கு ஊர் முகாம் போட்டுப் பட்டாவைச் சரிசெய்திருந்தால், அவருக்கும் கெட்ட பெயர் வந்திருக்காது, எங்களுக்கும் ஒன்றிரண்டு வருசம் மிஞ்சியிருக்கும்.

குழாய் பதிக்கும் வேலையில் இருந்தவர்:

நான் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளராக இருந்தேன். நிலம் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கூட இரண்டு விசயம் சொல்கிறேன்.

ஒன்று, நீளம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய். அதில் பெரிய குழாய் பத்தில் ஒரு பங்குதான், மீதி எல்லாம் குட்டைகளுக்குப் பிரியும் கிளைக் குழாய். பெரிய குழாய் வேலை சீக்கிரம் நகர்ந்தது. கிளைகளில்தான் நாள் போனது. ஒவ்வொரு சாலையைத் தோண்டவும் தனி அனுமதி. பதித்து மூடிய இடத்தில் வேறு வேலைக்கு வந்த ஜேசிபி பல்லை இறக்கிவிடும். எங்கே உடைந்தது என்பது சோதனை ஓட்டத்தில்தான் தெரியும். ஒரு இடத்தில் சோளக்காட்டுக்கு நடுவே ஈரம் கசிந்து நிற்பதை ஆடு மேய்க்கிற அம்மாதான் காட்டினார்கள். மறுபடியும் தோண்டினோம்.

இரண்டாவது, பருவம். இது உபரி நீர்த் திட்டம். கீழே உள்ள பழைய ஆயக்கட்டுப் பாசன நிலங்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில், விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்தால் 1.5 டிஎம்சி, அதாவது 150 கோடி கன அடி. அதுதான் கணக்கு. ஆற்றில் மிஞ்சாத வருசம் மோட்டாரை ஓட்ட முடியாது. 2023இல் மழை காலை வாரியது. வேலை ஏறக்குறைய முடிந்தும் காத்திருந்தோம். ஒரு மாதம் பிந்திப் பருவத்தைத் தவறவிட்டால் இதில் ஒரு வருசமே போய்விடும். வேலைத் திட்டம் போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

அன்னூர் பக்கத்து விவசாயி:

நன்றிங்க. எங்கள் குட்டையில் முதலில் குழாயிலிருந்து காற்றுதான் 'புஸ்' என்று வந்தது. அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம். அரை மணி கழித்துத்தான் தெளிந்த தண்ணீர். கரையில் நின்ற பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். அப்பாருவை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் திட்டத்தில் சேர்த்த 1,045 குளம் குட்டைகளின் பட்டியலில் பக்கத்து ஊர்க் குட்டை இல்லை. எங்கள் கரையிலிருந்து பார்த்தால் அந்த மேடு தெரியும். விடுபட்ட குட்டைகளைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தவர்கள் இங்கே இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று எழுதுங்கள். அந்த ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும்.