தேயிலைக் குச்சியில் வேர் வரவில்லை, உருண்டை மட்டும் கட்டுகிறது. உதவி!

கோத்தகிரி டீக்காரன்: அவசரம். பையில் வைத்த தேயிலைக் குச்சி எதிலும் வேரே இல்லை. இலை பச்சையாய்த்தான் நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் பட்டாணி அளவுக்கு வெள்ளை உருண்டை. எந்த வேர் ஹார்மோன் பவுடர் நல்லது?

நர்சரி அக்கா: நட்டு எத்தனை வாரம் தம்பி? மண் எங்கே எடுத்தீர்கள்? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

இளநீர் மணி: பவுடர் எதற்கு? குச்சியை ஒரு ராத்திரி இளநீரில் ஊறவைத்து நடுங்கள். எங்கள் வீட்டு ரோஜாவுக்கு அதுதான்.

தாவரவியல் வாத்தியார்: அடிப்படை தெரியாமல் யோசனை சொல்லாதீர்கள். அந்த உருண்டை காலஸ், அதாவது வெட்டுவாயில் பெருகும் செல் திரள். 1957-இல் ஸ்கூக், மில்லர் என்ற விஞ்ஞானிகள் புகையிலைத் திசுவில் காட்டிவிட்டார்கள்: தாவர ஹார்மோன்களில் ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர், இரண்டும் இடைப்பட்ட அளவில் இருந்தால் காலஸ். இளநீரில் இருப்பது சைட்டோகைனின். வேர் கேட்பவருக்கு அதையா கொடுப்பது?

இளநீர் மணி: புகையிலை இருக்கட்டும் சார். என் ரோஜா வேர் விட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

தாவரவியல் வாத்தியார்: இளநீர் இல்லாவிட்டாலும் விட்டிருக்கும். மொட்டும் இளம் இலையும் செய்யும் ஆக்சின் தண்டு வழியே இறங்கி வெட்டுவாயில் தேங்குகிறது. வேர் வந்தது அதனால்.

இளநீர் மணி: அப்புறம் ஏன் திசு வளர்ப்பில் இளநீர் சேர்க்கிறார்கள்?

தாவரவியல் வாத்தியார்: செல் பெருகுவதற்கு. வேருக்கு இல்லை.

நர்சரி அக்கா: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பி, இலைக்கோணத்து மொட்டைக் கிள்ளிவிட்டீர்களா? மண் பிஎச் (புளிப்புத் தன்மையின் அளவு) என்ன?

கோத்தகிரி டீக்காரன்: 14 வாரம். மொட்டைத் தொடவில்லை. மண் வீட்டுக்குப் பின்னால் கேரட் பாத்தியில் எடுத்தது. பிஎச் பார்க்கவில்லை.

நர்சரி அக்கா: கேரட் பாத்தியா! சுண்ணாம்பு, டோலமைட் ஏதாவது போட்டிருப்பீர்களே?

கோத்தகிரி டீக்காரன்: டோலமைட். போன வருடம்.

நர்சரி அக்கா: அதுதான் பிஎச்சை ஏற்றியிருக்கும். தேயிலைக் குச்சி வேர்விட பிஎச் 4.5 முதல் 4.8 வரை வேண்டும். ஏறிப்போனால் காலஸ் பெருத்துக்கொண்டே போகும், வேர் இறங்காது. எனக்கே ஒரு தடவை 2,000 பை இப்படி ஆனது. உருண்டையை பிளேடால் மெல்லச் சுரண்டி, சுண்ணாம்பு படாத அடிமண்ணில் மறுபடி நட்டேன், பாதிக்கு மேல் பிழைத்தது. புது மண்ணையும் சோதித்துவிட்டு நடுங்கள். பிஎச் கூடுதலாக இருந்தால் நடுவதற்கு முன் 2 சதவீத அலுமினியம் சல்பேட் கரைசல் ஊற்றி, பிறகு நல்ல தண்ணீர் விட்டு மண்ணை அலசிவிட வேண்டும்.

தாவரவியல் வாத்தியார்: பிஎச் சரிதான். ஆனாலும் உள்ளே முடிவு செய்வது ஹார்மோன் விகிதம்.

கோத்தகிரி டீக்காரன் (இரண்டு மாதம் கழித்து): பிஎச் 6.3 இருந்தது. 40 குச்சி சுரண்டி வேறு மண்ணில் நட்டேன். நேற்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன், நூல் மாதிரி இரண்டு வெள்ளை வேர். மீதியை நாளை மாற்றுகிறேன். நன்றி அக்கா.