டான்ஸ்ஹால் ரெகே: புதியவர்களுக்கும் பழைய ரசிகர்களுக்கும் எந்தப் பாடல்கள்?

சுங்கை சிப்புட் வாசி (கேள்வி)

வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்ட மண்டபத்தில் ஒரு மாலைப் பொழுது முழுவதும், கரீபியன் தீவான ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹால் ரெகே பாடல்களைப் போட்டுக் கேட்கலாம் என்று நண்பர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். வருபவர்களில் பாதிப்பேர் இந்த இசையைக் கேட்டே அறியாத இளையோர். மீதிப்பேர், தொண்ணூறுகளில் ஈப்போவுக்குப் பேருந்தேறிப் போய் ஒலிநாடா வாங்கி வந்த என் மாமாவைப் போன்றவர்கள். இரு சாராரையும் உட்கார வைக்க எதில் தொடங்கலாம்? குடும்பத்தோடு வருவார்கள் என்பதால் வரிகளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

உறுமிக் குழுக்காரர்

பாடகர்களின் பெயரை வைத்துப் பட்டியல் போடாதீர்கள் தம்பி, ரிடிமைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் ஒரே தாள இசையின்மீது பலரும் தத்தம் பாடலைப் பாடிப் பதிவு செய்வார்கள். அந்த அடிப்படை இசையைத்தான் ரிடிம் என்கிறார்கள். லெங்கி மார்ஸ்டன் அமைத்த ஒரு ரிடிமுக்கு நம் தீபாவளியின் பெயரே உண்டு: 'திவாலி'. அதில் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதை முதலில் போட்டு, இடைவெளி விடாமல் வேய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ'வைப் போடுங்கள். எங்கள் குழுப் பிள்ளைகளுக்கு இப்படிப் போட்டுக் காட்டியபோது, இரண்டாவது பாட்டு தொடங்கிய சில நொடிகளிலேயே ஒரு பையன் அந்த ரிடிமில் வரும் கைத்தட்டல் தாளத்தைத் தன் தொடையில் தட்டிக் காட்டி, "அதே அடிதானே அண்ணே?" என்றான். அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் புதியவர்களைப் பற்றிய கவலை வேண்டாம்.

பழைய ரசிகர்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். மாமாவைப் போன்றவர்களுக்கு 'ஸ்டாலக்' ரிடிமைக் கொடுங்கள். 1973இல் ஆன்செல் காலின்ஸ் வாசித்த இசை அது. 1982இல் சிஸ்டர் நான்சியின் 'பாம் பாம்', 1985இல் டெனர் சாவின் 'ரிங் தி அலாரம்' இரண்டும் அதன்மீதே எழுந்தன. மூன்றையும் ஆண்டு வரிசையில் கேட்டால், ஒரே இசை பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை முகம் காட்டியது என்பது விளங்கும். அதே 1985இல்தான் கிங் ஜாமி தயாரிக்க, வேய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' வெளிவந்தது. கேசியோ எம்டி-40 என்னும் சிறிய விசைப்பலகையில் முன்பே பதிந்திருந்த ஒரு தாளத்தைக் கொண்டு உருவான அந்தப் பாடலுக்குப் பிறகு, ஜமைக்கா இசைக்கூடங்களில் மின்னணுத் தாளங்கள் பெருகின. ஆனால் அதன் வரிகள் கஞ்சாவைப் பற்றியவை. பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1845 முதல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஜமைக்காவிலும் இறக்கப்பட்டார்கள். டான்ஸ்ஹாலின் பெரும் குரல்களில் ஒருவரான சூப்பர் கேட், ஆப்பிரிக்க வழியோடு இந்திய வழியும் உடையவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, இதை அறிந்த பிறகு அவர் குரல் இன்னும் நெருக்கமாகிவிட்டது.

ஒலி அமைப்பாளர்

வரிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வகையில் ஆபாசமும் துப்பாக்கிப் பேச்சும் கொண்ட பாடல்கள் ஏராளம் என்பதால் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நடுவே சற்று ஓய்வு கொடுக்க, புஜு பாண்டன் 1995இல் தந்த 'டில் ஷைலோ' தொகுப்பிலுள்ள 'அன்டோல்ட் ஸ்டோரீஸ்' மிகப் பொருத்தமானது; வறுமையைப் பாடும் அந்தப் பாட்டில் கிட்டாரின் ஒலியே முன்னே நிற்கும். மண்டபத்துக் குழல் ஒலிபெருக்கியை மட்டும் நம்பாதீர்கள். அதில் பேஸ் எனும் கனத்த அடியொலி காணாமல் போய்விடும், பேஸ் இல்லாவிட்டால் ரிடிமும் இல்லை.

சுங்கை சிப்புட் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 'திவாலி'யில் தொடங்கி 'ஸ்டாலக்'கில் முடிக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு ஒலி அமைப்பவரிடம் இரண்டு பேஸ் பெட்டிகள் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லிவிட்டார்.