செட்டிநாட்டுல மெத்தையில (மொட்டமாடியில) ஏறி டிவி ஆன்டனா திருப்புனவங்க எல்லாம் வாங்க

கானாடுகாத்தான் பேரன்:
எங்க அப்பத்தா வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். டிவி இருந்தது முகப்பை ஒட்டுன ரூம்ல, மெத்தைக்கு ஏறுற படி ரெண்டாங்கட்டுல. அதனால ஆன்டனாவைத் திருப்பணும்னா மூணு ஆள் வேணும். மேல நான், வளவுல (நடு முத்தத்துல) தம்பி, டிவி முன்னாடி ஆச்சி. நான் "இப்பத் தெரியுதா"ன்னு கத்துனா தம்பி அதை உள்ள கத்துவான், ஆச்சி சொல்ற பதிலை அவன் மேல கத்துவான். "இப்ப கொஞ்சம் பரவால்ல, இன்னும் திருப்பு"ன்னு ஆச்சி சொன்னது எனக்கு "பரவால்ல, எறங்கு"ன்னு வந்து சேரும். எறங்கிப் போய்ப் பாத்தா ஒரே புள்ளி. மறுபடி ஏறு.

எண்பதுகளோட கடைசி அது. கடையில வாங்குன அலுமினிய ஆன்டனா ஒரு ஆடிக்காத்துல வளைஞ்சு ரெண்டா முறிஞ்சிருச்சு. அப்பச்சி (எங்க அப்பா) மெட்ராஸ்ல, வர்றதுக்கு இன்னும் 15 நாளு, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போயிருமேன்னு எனக்கு ஒரே தவிப்பு. பெட்டகத்துக்குப் பின்னாடி ஒரு பழைய குடை கெடந்துச்சு, துணியெல்லாம் நைஞ்சு போயி. அதுல ரெண்டு கம்பியைப் பிடுங்கி, பெயின்ட்டை அருவாமனையில சொரண்டி, ஒரு பலகைத் துண்டுல இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு நடுவுல ஒரு விரக்கடை விட்டு ஆணி அடிச்சு, ரிப்பன் ஒயரோட ரெண்டு நுனியை ரெண்டு கம்பிலயும் சுத்தி, முருங்கைக்கா பறிக்கிற துறட்டிக் கம்புல கட்டி நிப்பாட்டுனேன். செய்தி வாசிக்கிற அம்மா வந்தாங்க, மூஞ்சி ரெண்டு, பக்கத்துல நெழல் மாதிரி இன்னொண்ணு, ஆனா வந்தாங்க. வீடே கூடிருச்சு.

அப்பத்தா மட்டும் டிவியைப் பாக்கல, மெத்தையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "எந்தக் குடைடா அது?"ன்னு கேட்டுச்சு. ஐயா பினாங்குலேர்ந்து கொண்டாந்த குடையாம். அதுக்கப்புறம் நடந்ததை விட்ருங்க.

தேவகோட்டைக்காரன்:
நீங்க கொடைக்கானல் டிவி டவர் வந்த காலத்து ஆளு. எங்களுக்கு அதுக்கு முந்தியே ரூபவாஹினி, இலங்கை டிவி. 1982ல இலங்கையில ஆரம்பிச்சாங்க, எங்க தெருவுல முத டிவி வந்ததே அதுக்காகத்தான். சிங்களத்துல பேசுனா ஒரு எழவும் புரியாது, ஆனாலும் பாய் விரிச்சு உக்காந்து பாப்போம், கிரிக்கெட்டுன்னா சொல்லவே வேணாம். எல்லா நாளும் வராது, அதான் கூத்து. காத்தே இல்லாம கசகசன்னு புழுங்குற ராத்திரின்னா கண்ணாடி மாதிரி வரும். நல்லா காத்தடிச்சு மழை பேஞ்சா காணாமப் போயிரும். மாமா ஒருத்தர் வாசல்ல நின்னு வானத்தைப் பாத்து "இன்னிக்கு சிலோன் எடுக்கும்"னு சொல்வாரு, பாதி நாள் சரியா இருக்கும்.

எங்க ஆன்டனா சவுக்குக் கம்பு ரெண்டை ஒண்ணா இறுக்கிக் கட்டி ஒரு 40 அடி உசரம். ஒரு டவுன் கடையில பூஸ்டர்னு ஒரு டப்பாவை மாமா தலையில கட்டுனாங்க, பிரிச்சுப் பாத்தா உள்ள ஒரு பல்பும் ரெண்டு ஒயரும்தான். பல்பு மட்டும் செவப்பா நல்லா எரிஞ்சுச்சு.

பள்ளத்தூர் மெக்கானிக்:
20 வருஷம் ரேடியோ டிவி ரிப்பேர் பாத்தவன், ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன்.

தம்பி உங்க குடைக்கம்பி ஒண்ணு 60 சென்டிமீட்டர் இருக்கும், ரெண்டும் சேந்து 1.2 மீட்டர். கணக்கு என்னன்னா 143ஐ சேனலோட அலைவரிசையால, அதாவது மெகாஹெர்ட்ஸால வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வரும். 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள சேனலுக்கு 71 சென்டிமீட்டர் போதும், ஒரு கைக்கு 36க்குள்ள. மெட்ராஸ்ல 4ஆம் நம்பர் சேனல் 62 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், அதுக்கு 2.3 மீட்டர் கம்பி, அதான் அந்த ஊரு மொட்டமாடியில எல்லாம் பெரிய பெரிய ஆன்டனா. உங்களுது நீளம் தப்பு, ஆனாலும் உசரத்துல இருந்ததால ஏதோ எடுத்துருக்கு. வெட்டியிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும், அப்பத்தாகிட்ட அடி மட்டும் அதே அளவுதான்.

அடுத்தது தெசை. கம்பியோட நுனி நிலையத்தைப் பாத்து இருந்தா ஒண்ணும் வராது, கம்பியோட பக்கவாட்டுதான் பாக்கணும். கொடைக்கானல் நமக்குக் கிட்டத்தட்ட நேர் மேக்க, நேர்கோட்டுல ஒரு 140 கிலோமீட்டர். அப்ப கம்பி தெக்கு வடக்கா படுத்திருக்கணும். நம்ம வீடெல்லாம் கெழக்கு மேக்கா நீளமாக் கட்டுனதால வீட்டுக்குக் குறுக்க கம்பியை வச்சாலே முக்காவாசி வேலை முடிஞ்சிரும், இது தெரியாம ஊரே திருப்பிக்கிட்டு இருந்துச்சு. மலை 2000 மீட்டருக்கு மேல, அவ்வளவு உசரத்துலேர்ந்து ரேடியோ அலை 180 கிலோமீட்டர் தாண்டியும் நேராப் பாக்கும், அதான் நமக்குக் கிடைச்சது. பின்னாடி ஒரு சாண் ரெண்டு சாண் தள்ளி கொஞ்சம் நீளமா இன்னொரு கம்பியை ஒயரே இல்லாம சும்மா வச்சா நெழல் கொறையும்.

ரூபவாஹினி கதை வேற. அவங்க டவர் பிதுருதலாகல மலையில, 2,524 மீட்டர், ஆனா நமக்கு 400 கிலோமீட்டருக்குப் பக்கம், நேரா வர வழியே இல்ல. கடலுக்கு மேல ஈரக்காத்து கீழயும் சூடான வறண்ட காத்து மேலயும் அடுக்கு அடுக்கா அசையாம நின்னா அலை அதுக்குள்ள மாட்டி வளைஞ்சு வளைஞ்சு இந்தக் கரைக்கு வந்துரும். காத்தடிச்சா அடுக்கு கலைஞ்சிரும். அந்த மாமா சொன்னது ஜோசியம் இல்ல.

இன்னொண்ணு, செம்பு ஒயரை அலுமினியத்துல நேரா முறுக்காதீங்க. மழைத்தண்ணி பட்டா ஒரு வருஷத்துல அந்த எடம் வெள்ளையா பூத்து கனெக்‌ஷன் போயிரும். வாஷர் போட்டு இறுக்கி மேல மெழுகு உருக்கி ஊத்துங்க.

காரைக்குடி ஆச்சி:
எல்லாரும் படம் வந்த கதையே சொல்றீங்க, ஓடு உடைஞ்ச கதையை யாரு சொல்றது. எங்களுது எட்டுப் புள்ளி வீடு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குப் பங்கு. ஒரு டிவி வந்தப்ப ஒரு கம்பு, பெறகு ஆளுக்கொரு டிவி ஆளுக்கொரு கம்பு, எல்லாம் ஒரே மெத்தையில. ஒருத்தர் கம்பைத் திருப்புனா அடுத்தவருக்குப் படம் போயிரும். பசங்க குறுக்கு வழியில ஓட்டு மேல நடந்தே போவாங்க. ஐப்பசியில வளவுச் சுத்து முழுக்க ஒழுகும், பித்தளை அண்டாவுலேர்ந்து மங்குக் கிண்ணம் வரைக்கும் வரிசையா வச்சு தண்ணி பிடிப்போம். ஓடு மாத்துற காசை யாரு கொடுக்குறதுன்னு பங்காளிங்க ரெண்டு பேரு மூணு வருஷம் பேசிக்கல. ஒரு கல்யாணத்துல பேசிக்கிட்டாங்க, அதுவும் சாம்பாரு பத்தலன்னு.

ஒண்ணு மட்டும் கெட்டியாச் சொல்றேன். கரண்டு கம்பி போற பக்கம் கம்பை நிப்பாட்டாதீங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுக் கம்பு சாஞ்சு லைன்ல பட்டு, டிவி பொகைஞ்சு போச்சு. நல்ல நேரம், யாரும் பக்கத்துல இல்ல.

கோட்டையூர்ப் பையன்:
இதெல்லாம் படிச்சிட்டு நேத்து நானும் கட்டிப் பாத்தேன், எங்க டிவியில ஒண்ணுமே வரல, ரெண்டு மணி நேரம் திருப்புனேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, தூர்தர்ஷன் பழைய அனலாக் ஒளிபரப்பை 2022லயே ஏறக்குறைய எல்லா ஊர்லயும் நிப்பாட்டிட்டாங்களாம். இப்ப சாட்டிலைட்டுலேர்ந்து வர்ற ஃப்ரீ டிஷ்தான், அதுக்குக் கிண்ணம் வேணும், கம்பி ஆகாது.

வெட்டுன ஒயரை வீணாக்குவானேன்னு கொடைக்கானல் எஃப்எம் 100.5க்கு மாத்துனேன். 143ஐ 100.5ல வகுத்தா 1.42, கைக்கு 71 சென்டிமீட்டர். பழைய ஸ்பீக்கர் ஒயரை நடுவுல பிரிச்சு ரெண்டு பக்கமும் விரிச்சு, துடைப்பக்குச்சியில சுத்தி, ஜன்னல் கம்பியில தெக்கு வடக்கா கட்டுனேன். போன வாரம் வரைக்கும் கரகரன்னு இருந்த ரேடியோ, அப்பா அடுப்படியிலேர்ந்து வந்து சவுண்டைக் கொறைடாங்குறாரு. செலவு 0.

கானாடுகாத்தான் பேரன்:
அடடா. அந்தக் குடை இன்னும் பெட்டகத்துலதான் இருக்கு, ரெண்டு கம்பி போக மிச்சம் ஆறு கம்பியோட. பொங்கலுக்குப் போறப்ப இந்த எஃப்எம் வேலைக்கு ரெண்டைப் பிடுங்கலாமான்னு பாக்குறேன்.

பள்ளத்தூர் மெக்கானிக்:
குடைக்கம்பி 60 சென்டிமீட்டர்தான் தம்பி, 71க்கு 11 கொறையுது. குடையை விட்ருங்க, ஒயரே போதும்.