13 கண் பாலத்துக்குக் கொக்கி போட்டவர்கள்

புளியரைக்காரன்:
செங்கோட்டை-புனலூர் ரயில் பாதையில் உள்ள கழுதுருட்டி 13 கண் பாலத்தின் மேல் மீட்டர்கேஜ் வண்டி போகும் படம் ஒன்று என் தளத்தில் இருக்கிறது. 2010இல் அந்தப் பாதையை மூடுவதற்குச் சில நாள் முன்பு, மழையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்தது. ஒரு சுற்றுலாத் தளம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் படத்தின் முகவரியைத் தன் பக்கத்தில் செருகிவிட்டது. அங்கே பார்க்கிறவருக்கும் படம் என் சர்வரிலிருந்துதான், அதாவது என் தளத்தின் கோப்புகளை வைத்து அனுப்பும் கணினியிலிருந்துதான், போகும். படம் 4 எம்பி. அங்கே ஐயாயிரம் பேர் பார்த்தால் 20 ஜிபி என் கணக்கில் ஏறுகிறது. மாதம் முடியுமுன் டேட்டா ஒதுக்கீடு தீர்ந்து என் தளம் படுத்துவிட்டது. கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதைத் திருட்டு என்கிறோம். இது என்னவாம்?

ஆரியங்காவு வாசி:
அண்ணாச்சி, திருட்டு என்பது பெரிய சொல். அவர்கள் படத்தை நகலெடுக்கவே இல்லை. நீங்கள் அழித்தால் அங்கேயும் மறைந்துவிடும். கூகுள் தேடலில் தெரிந்த படங்கள் பற்றிய பெர்ஃபெக்ட் 10 என்ற பத்திரிகை நிறுவனத்தின் வழக்கில், 2007இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: படம் யார் சர்வரில் இருக்கிறதோ, அவரே அதைக் காட்டுகிறார். அது போகட்டும், 4 எம்பி படத்தைச் சுருக்காமல் ஏற்றியது யார்?

புளியரைக்காரன்:
சுருக்காதது என் சோம்பல்தான். என் வீட்டுக் குழாய் பெரியது என்பதற்காக ஊரார் குடத்தோடு வந்துவிடலாமா? 2018இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று அந்த சர்வர் வாதத்தை ஏற்க மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், புகைப்படத்துக்கு எடுத்தவரின் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அங்கே படத்தின் கீழே விடுதி விளம்பரம் இருக்கிறது. என் பெயர் இல்லை.

தென்மலைத் தம்பி:
சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லையா? சர்வரிலும் அப்படி ஒரு சாவடி போடலாம். படம் கேட்டு வரும் பிரவுசர், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதை 'ரெஃபரர்' என்ற குறிப்பில் சொல்லும். வேறு தளமாக இருந்தால் திருப்பி அனுப்ப, சர்வர் அமைப்பில் நாலு வரி கட்டளை போதும். குறிப்பே இல்லாமல் வருகிறவர்களை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணாச்சி. சில பிரவுசர்கள் அதைச் சொல்வதில்லை. உங்கள் வாசகரே வெளியில் நிற்க நேரும்.

ஆரியங்காவு வாசி:
கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. செருகுவதே குற்றம் என்பதைத்தான் மறுக்கிறேன். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தின் படங்களை அப்படியே செருக அவர்களே அனுமதிக்கிறார்கள். உரிமத்தின்படி நடந்துகொண்டால் போதும்.

புளியரைக்காரன்:
அவர்கள் கொடுக்கிறார்கள், நான் கொடுக்கவில்லை. சாவடியை நாளை போடுகிறேன், தம்பி. இன்று வேறு வேலை பார்த்தேன். என் படத்துக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டு, பழைய முகவரியில் எங்கள் வீட்டு எருமையின் படத்தை ஏற்றினேன். 12 கேபிதான், சுருக்கிவிட்டேன். காலையிலிருந்து அந்த விளம்பரத்துக்கு மேலே, 'மலை ரயிலில் மறக்க முடியாத பயணம்' என்ற வரியோடு அது அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது.