ஒரே கிரவுண்டு, நாலு கிளப், ஒரு ஸ்டேடியம்: எப்படிப் பேசி முடிக்கிறது?

வியாசர்பாடி கோச் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வடசென்னைல பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டிடம், வரைபடம், அக்ரிமென்ட் இதெல்லாம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா படிச்சுட்டு பதில் போடுங்க. எனக்கு இது ரொம்ப முக்கியம்.

எங்க கிரவுண்டு சுமார் 5 ஏக்கர், வெறும் மண் தரை. மழை பெஞ்சா வடக்கு கோல் போஸ்ட் பக்கம் ஒரு வாரம் தண்ணி நிக்கும். ஆம்பளைங்க ஃபுட்பால் கிளப், எங்க பொண்ணுங்க டீம், ஓட்டப்பந்தயப் பசங்க, ஹாக்கிக்காரங்க எல்லாரும் அங்கதான். ஞாயித்துக்கிழமை ஆனா கிரிக்கெட். வருஷக்கணக்கா யாரும் யாரையும் விரட்டினதில்ல. முதல்ல வந்து சுண்ணாம்பு போட்டவங்களுக்கு அன்னைக்கு அந்த இடம். இதே இடத்துல ஸ்டேடியம் கட்டித் தர்றோம்னு சொன்ன பிறகுதான் சண்டையே ஆரம்பிச்சுது.

போன மாசம் அதிகாரிங்க எல்லாரையும் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினாங்க. சுருண்டுக்காம இருக்க ஒரு மூலைல தண்ணி பாட்டில், இன்னொரு மூலைல ஸ்டேப்ளர் வெச்சிருந்தாங்க. 400 மீட்டர் டிராக், நடுவுல ஃபுட்பால் மைதானம், மேற்குப் பக்கம் 2,000 பேர் உக்கார்ற கேலரி, அதுக்குக் கீழ வரிசையா கடைங்க. ஹாக்கிங்கிற பேரே இல்ல. டிரஸ்ஸிங் ரூம் ரெண்டு போட்டிருந்தாங்க, ஹோம் டீம், அவே டீம்னு. பொம்பளைங்களுக்கு எங்கன்னு தேடிப் பார்த்தேன். கேலரிக்குப் பின்னாடி டாய்லெட்னு ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்து மேல விரலை வெச்சு "இதுக்கு எங்கேர்ந்து வழி?"ன்னு கேட்டேன். வரைபடத்துல வழியும் காட்டல.

அன்னைலேர்ந்து ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பெரிய ஃபுட்பால் கிளப்காரங்க டிராக்கே கூடாதுங்கிறாங்க. டிராக் வந்தா பார்க்கிறவன் மைதானத்துலேர்ந்து தள்ளிப் போயிடுவான், நேரு ஸ்டேடியத்துல மேட்ச் பார்த்தவங்களுக்குத் தெரியும்னு அவங்க வாதம். அத்லெட்டிக்ஸ் கோச்சுக்கு டிராக் இல்லாத ஸ்டேடியம்னா பேச்சே வேணாம். ஹாக்கி மாஸ்டர் கையெழுத்தே போட மாட்டேங்கிறார். கிரிக்கெட் பசங்க கவுன்சிலரைப் பார்க்கப் போயிட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள நாலு கிளப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே லெட்டர் அதிகாரிங்களுக்கு வேணுமாம். வரலன்னா வரைபடம் இப்படியே டெண்டருக்குப் போயிடும்.

என் கவலை வேற. எங்க பொண்ணுங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்ஸ் மாட்டி, கிரவுண்டுக்குள்ள வரும்போது மணி 4:45 ஆயிடும். ஆறேகாலுக்கு மேல நிறுத்தி வெச்சா வீட்ல அனுப்ப மாட்டாங்க. அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்களுக்கு இருக்கு, மத்தவங்களும் அதே நேரத்தைத்தான் கேக்கிறாங்க. மீட்டிங்ல நேரத்தைப் பத்தி எப்ப வாய் திறந்தாலும் "முதல்ல ஸ்டேடியம் வரட்டும்மா, டைமிங் அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கிறாங்க. எனக்கு அந்த அப்புறம்தான் பயம். நாளைக்கு எங்களை மத்தியானம் ரெண்டு மணிக்கு வான்னு சொல்லுவாங்க. அந்த வெயில்ல செயற்கைப் புல்லு மேல கால் வைக்க முடியாது.

நாலு பேரும் ஒத்துக்கிற மாதிரி ஒரு வரைபடம் போட முடியுமா? லெட்டர்ல நேரத்தையும் எழுதி வாங்க முடியுமா? எங்கயாவது இப்படிப் பகிர்ந்துக்கிட்டு நல்லபடியா நடந்திருக்கா?

---

வரைபட மேசை எழுதியது:

வணக்கம் மேடம். நான் சிவில் இன்ஜினியர், ரெண்டு மூன்று பள்ளி மைதானங்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். அளவை வைத்துப் பேசினால் பாதிச் சண்டை அடங்கும்.

8 பாதை உள்ள 400 மீட்டர் டிராக்குக்கு வெளி அளவு கிட்டத்தட்ட 177 மீட்டர் நீளம், 93 மீட்டர் அகலம். அதாவது 4 ஏக்கர். உங்கள் 5 ஏக்கரில் அதைப் போட்டால் மிச்சம் ஒரு ஏக்கர்தான். அதில் கேலரி, கடை, வண்டி நிறுத்தம் எல்லாம் வந்துவிட்டால் ஹாக்கிக்கு இடமே கிடையாது. வரைபடம் போட்டவர் ஹாக்கியை மறக்கவில்லை, டிராக்கைப் போட்ட பிறகு அவரிடம் இடம் இல்லை.

ஃபுட்பால் மைதானத்திலேயே ஹாக்கியும் ஆடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபுட்பால் செயற்கைப் புல் 4 முதல் 6 சென்டிமீட்டர் உயரம், உள்ளே மணலும் ரப்பர் துகளும் இருக்கும். ஹாக்கிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் உயரத்தில் அடர்த்தியான புல் வேண்டும். ஃபுட்பால் புல்லில் ஹாக்கிப் பந்து உருளாது. ஹாக்கிப் புல்லில் ஸ்டட் (அடியில் குமிழ்) வைத்த பூட்ஸோடு ஓடினால் முட்டி போய்விடும்.

இப்போது டிராக்கை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஃபுட்பால் 105க்கு 68 மீட்டர், சுற்றிலும் நாலு மீட்டர் விட்டால் ஏறக்குறைய 2.1 ஏக்கர். ஹாக்கி ஆடுகளம் 91.4க்கு 55, ஓரத்து இடைவெளியோடு சுமார் 1.6 ஏக்கர். ஓட்டக்காரர்களுக்கு 6 பாதை நேர் டிராக் 130 மீட்டர் நீளத்துக்குப் போட்டால் 100 மீட்டரும் ஓடலாம், 110 மீட்டர் தடை ஓட்டமும் ஓடலாம். அது கால் ஏக்கருக்கும் குறைவு. மொத்தம் 4 ஏக்கருக்குள் வந்துவிடும். நிலத்தின் வடிவம் ஒத்துழைக்க வேண்டும், ரொம்ப இறுக்கமாகத்தான் உட்காரும். 2,000 பேர் கேலரிக்கு இடம் இருக்காது, நாலு படி வைத்த சின்னக் கேலரிதான்.

ஆக, விட்டுக்கொடுக்க வேண்டியது கேலரியை. தினமும் அங்கே ஆடுகிறவர்கள் எத்தனை பேர், வருஷத்தில் எத்தனை நாள் 2,000 பேர் பார்க்க வருவார்கள் என்று மீட்டிங்கில் கேட்டுப் பாருங்கள்.

இயற்கைப் புல் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நன்றாகப் பராமரித்தாலும் அது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். உங்கள் கூட்டத்துக்கு ஒரே மாதத்தில் மறுபடியும் மண் தரைதான்.

---

பழைய சென்டர் ஹாஃப் எழுதியது:

அம்மா, கையெழுத்துப் போட மாட்டேன்னு உக்காந்திருக்கிற அந்த மாஸ்டர் பக்கம்தான் நான். "எழும்பூர்ல மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் இருக்கே, அங்க போங்க"ன்னு எங்ககிட்ட எல்லாரும் சுலபமா சொல்லிடுறாங்க. அது 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்த இடம், பெரிய ஆட்டத்துக்கான இடம். பத்து வயசுப் பையன் ஸ்டிக்கைத் தூக்கிக்கிட்டு தினம் சாயங்காலம் பஸ் ஏறி அங்க போய்ட்டு வர முடியுமா? தெருவுக்குப் பக்கத்துல இருந்தாத்தான் புள்ளைங்க வருவாங்க.

ஆனா இன்ஜினியர் சார் சொல்றதுல ஒரு திருத்தம். முழு மைதானம்தான் வேணும்னு நாங்க அடம் புடிக்க வேண்டியதில்ல. பக்கத்துக்கு அஞ்சு பேர் ஆடுற ஃபைவ்ஸ் ஹாக்கிக்கு 55க்கு 42 மீட்டர் போதும், அரை ஏக்கர் சொச்சம்தான். 2024-ல மஸ்கட்ல அதுக்கு உலகக் கோப்பையே நடந்துச்சு. கத்துக்குற புள்ளைங்களுக்கு அந்த அளவு தாராளம்.

இன்னொண்ணு, தண்ணி ஊத்துற டர்ஃப் (செயற்கைப் புல் தரை) கேக்காதீங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி நனைக்கணும். 2019 ஜூன்ல நாலு ஏரியும் வத்தி, குடத்தோட லாரிக்கு நின்ன ஊரு இது. அந்த மாதிரி வருஷத்துல டர்ஃபுக்குத் தண்ணி யாரும் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. மணல் போட்ட டர்ஃப் கேளுங்க. வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா வருஷம் பூரா ஆடலாம்.

மாஸ்டர்கிட்ட இதைக் கொண்டுபோய் மரியாதையா, தனியா பேசுங்க. மீட்டிங்ல பத்து பேர் முன்னாடி கேட்டா அவர் இறங்க மாட்டார். நானா இருந்தாலும் இறங்க மாட்டேன்.

---

நீலச்சட்டை ரசிகன் எழுதியது:

அக்கா, பகிர்ந்துக்கிட்டு எங்க நடந்திருக்குன்னு கேட்டீங்களே, அதுக்கு மட்டும் சொல்றேன்.

ஜெர்மனில முனிக்ல 2005-ல திறந்த அலியான்ஸ் அரீனா ஸ்டேடியத்தை பயர்ன், 1860 முனிக்னு ரெண்டு ஃபுட்பால் கிளப்பும் பாதிப் பாதி போட்டுக் கட்டினாங்க. அடுத்த வருஷமே 1860-க்குப் பணக் கஷ்டம் வந்து, தன் பங்கை 1.1 கோடி யூரோவுக்கு பயர்ன்கிட்டயே வித்துடுச்சு. அப்புறம் சொந்த ஸ்டேடியத்துலயே வாடகைக்கு ஆடி, 2017-ல பழைய மைதானத்துக்கே போயிடுச்சு. பணம் குறைஞ்ச கிளப்புக்கு என்ன பாதுகாப்புன்னு முதல்லயே எழுதணும். உங்க நாலு பேர்ல அது நீங்களும் ஹாக்கியும்தான்.

பக்கத்துல கொச்சி. ஃபுட்பாலுக்காக 2017 அண்டர்-17 உலகக் கோப்பைக்குப் புதுசா புல் போட்ட மைதானத்துல, அடுத்த வருஷம் இந்தியா - வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் போட்டிக்காக நடுவுல பிட்ச் தோண்டப் பார்த்தாங்க. ஃபுட்பால் ரசிகர்கள் கொதிச்சதுல மேட்ச் திருவனந்தபுரத்துக்குப் போச்சு. ஃபுட்பால் மைதானத்து நடுவுல கிரிக்கெட் பிட்ச் வேண்டவே வேண்டாம். ஒரு ஓரமா நெட் ரெண்டு போட்டுக் குடுங்க, பசங்க சமாதானம் ஆயிடுவாங்க.

நம்ம சேப்பாக்கத்தையே பாருங்க. 2011 உலகக் கோப்பைக்காக ஸ்டேடியத்தைப் புதுப்பிச்சப்போ கட்டின ஐ, ஜே, கே கேலரிங்க வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்துச்சு. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்போட ஜிம் கட்டிடம் ஒட்டி இருந்ததுதான் சிக்கல்ல முக்கியமானது. அந்த கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காமத்தான் 2019 ஐபிஎல் ஃபைனல் ஐதராபாத்துக்குப் போச்சு. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அந்தக் கதின்னா, கட்டின பிறகு பேசிக்கலாம்னு சொல்றவங்களை நீங்க நம்பாதது சரி.

சாவி யார்கிட்டன்னும் எழுதி வாங்குங்க. 2024 அக்டோபர்ல மாநகராட்சி செயற்கைப் புல் மைதானங்கள் ஒன்பதைத் தனியார்கிட்ட குடுத்து ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய்னு முடிவெடுத்துச்சே, ஞாபகம் இருக்கா? ஊரே எதிர்த்த பிறகுதான் கைவிட்டாங்க. உங்க பொண்ணுங்க 120 ரூபாய்க்கு எங்க போவாங்க?

---

ஓட்டக்காரியோட அம்மா எழுதியது:

எல்லாரும் டிராக்கை எடுத்துடலாம்னு ரொம்ப லேசா பேசுறீங்க. என் பொண்ணு 800 மீட்டர் ஓடுறா. நேர் டிராக்கை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? வளைவுல ஓடிப் பழகாதவ போட்டில வளைவுல பின்தங்கிடுவா. நூறு மீட்டர் ஓடுறவங்க மட்டும்தான் ஓட்டக்காரங்களா?

---

வரைபட மேசை எழுதியது:

நியாயமான கேள்வி அம்மா. மைதானங்களுக்கு வெளிச் சுற்றில், சுவரை ஒட்டி, மூன்று மீட்டர் அகலத்தில் மண் பாதை விட முடியும். முழு ஹாக்கி மைதானத்துக்குப் பதில் ஃபைவ்ஸ் அளவு என்றால் அந்தப் பாதையின் மூலைகளை நன்றாக வளைத்துப் போட இடம் கிடைக்கும். ஒரு சுற்று 500 மீட்டரைத் தொடும். தினப் பயிற்சிக்கு மண் பாதை காலுக்கும் நல்லது. போட்டிக்கு முன்னால் சில வாரம் மட்டும் சிந்தெட்டிக் டிராக்குக்குப் போக வேண்டியிருக்கும். அது உங்களுக்குக் கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை.

---

வியாசர்பாடி கோச் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ஹாக்கி மாஸ்டரை அவர் வீட்லயே போய்ப் பார்த்தேன். ஃபைவ்ஸ் அளவுன்னதும் முகம் சுருங்கிடுச்சு. ஆனா மணல் டர்ஃப், தினம் ரெண்டு மணி நேரம் வேற யாரும் தொடாத நேரம்னு சொன்னதும் ஒரு பேப்பரை எடுத்து அவரே கோடு போட ஆரம்பிச்சுட்டார். சம்மதம்னு வாயால சொல்லல, ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார்.

ஓட்டக்காரியோட அம்மா, உங்க கேள்வியை அப்படியே எங்க அத்லெட்டிக்ஸ் கோச்சும் கேட்டார். மண் பாதையை லெட்டர்ல அளவோட எழுதுவோம், கட்டும்போது பணம் பத்தலன்னு அதைத்தான் முதல்ல வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும்.

லெட்டரோட முதல் பக்கத்துல வரைபடம் இல்ல, வார நேர அட்டவணைதான் வரும். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் 4:45 முதல் 6:15 வரைக்கும் ஃபுட்பால் மைதானத்துல பாதி பொண்ணுங்களுக்கு, பாதி பெரிய கிளப்போட சின்னப் பசங்களுக்கு. அதுக்கப்புறம் லைட்டு போட்டு பெரியவங்க ஆடட்டும். சாவி நாலு கிளப்பும் சேர்ந்த கமிட்டிகிட்ட, அதுல ரெண்டு பேராவது பொம்பளைங்க. டர்ஃப் எட்டு பத்து வருஷத்துல தேஞ்சுடும்னு விசாரிச்சப்போ சொன்னாங்க, அதனால கடை வாடகை வந்தா அது புது டர்ஃபுக்குத்தான்னு ஒரு வரி. பொண்ணுங்களுக்குத் தனி டிரஸ்ஸிங் ரூம், அதுக்கு மைதானத்துலேர்ந்து நேரா வழி.

பெரிய கிளப் கேலரியை விட்டுக்குடுக்குமான்னுதான் பார்க்கணும். அவங்க செக்ரட்டரி எனக்கே பந்து உதைக்கக் கத்துக்குடுத்த அண்ணன். அவர் முன்னாடி நின்னு "அண்ணே, கேலரி வேணாம்"னு சொல்லத்தான் போறேன்.

இன்ஜினியர் சார், ஞாயித்துக்கிழமைக்குள்ள கையால வரைஞ்ச ஒரு படமாவது கிடைக்குமா?

---

வரைபட மேசை எழுதியது:

தருகிறேன் மேடம். நிலத்தோட டிஎஸ்எல்ஆர் (நகர நில அளவைப் பதிவேடு) ஸ்கெட்ச் நகல் இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள். மழைக்குத் தண்ணீர் நிற்கும் அந்த வடக்கு மூலையை அதில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். வடிகாலை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.