நெட் மீட்டரிங்: 'நிகர அளவீடு' சரிதானா?

வணக்கம்.

பேரூராட்சிக் கட்டடங்களில் சோலார் அமைப்பது பற்றி ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். சோலாரில் மிஞ்சி மின்வாரியத்துக்குக் கொடுத்த மின்சாரத்தை, வாங்கியதற்கான பில்லில் கழிக்கும் முறைதான் நெட் மீட்டரிங். அதை 'நிகர அளவீடு' என்று போட்டிருந்தேன். படித்த எழுத்தர், "நகர அளவீடுங்களா? சர்வேயரக் கூப்பிடணுமா?" என்றார். எழுத்துப்பிழை என்றே நினைத்துவிட்டார்.

எனக்கும் அந்தச் சொல் உறுத்தத்தான் செய்கிறது. மீட்டர் எதையும் கழிப்பதில்லை. வாங்கிய யூனிட், கொடுத்த யூனிட் என இரண்டும் திரையில் மாறி மாறி ஓடும், அவ்வளவுதான். சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டிக் கிடக்கும்போது கொடுத்த கணக்கு ஏறிக்கொண்டே போகும். கழிப்பதெல்லாம் பில் போடும்போதுதான். ஆக, இது அளவீடு இல்லை, கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது ஒரு முறை. கொடுத்த யூனிட்டுக்குத் தனி விலை போட்டு, பில் தொகையில் கழிப்பது வேறு முறை. தமிழ்நாட்டின் 2019 சூரிய மின் கொள்கையில் வந்தது இந்த இரண்டாவது முறைதான். இரண்டையும் 'நிகர' என்றால் படிப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? 'யூனிட் ஈடு', 'விலை ஈடு' என்று பிரிக்கலாமா? ('கழிவு' வேண்டாம். உள்ளாட்சியில் அது நேரே பாதாளச் சாக்கடைக்குப் போய்விடும்.)

---

> 'யூனிட் ஈடு', 'விலை ஈடு'

ஐயா, எங்கள் பக்கம் ஈடு என்றால் அடமானம். 'பள்ளிக்கூட மொட்டைமாடியை ஈடு வைத்துவிட்டார்கள்' என்று கிராமசபையில் கிளப்பிவிடுவார்கள். 'கணக்கு நேர் பண்ணியாச்சா?' என்று கடையில் தினமும் கேட்கிறோமே. யூனிட் நேர், விலை நேர் எனலாம்.

உள்ளாட்சிக்கு இதைவிட அவசரமாக வேண்டிய சொல் வேறு. தெருவிளக்குக்கு ஒரு மின் இணைப்பு, குடிநீர் மோட்டாருக்கு இன்னொன்று. அலுவலக மாடியில் மிஞ்சுவதை அந்த பில்களில் கழிக்கத் தனி விதி வேண்டும். டெல்லியில் அதற்கு 2019இலேயே நெறிமுறை வந்துவிட்டது. குரூப் நெட் மீட்டரிங் எனப்படும் இந்த முறைக்குப் 'பல இணைப்பு நேர்' என்கிறேன். விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்பது பல நுகர்வோர் ஒரே நிலையத்தின் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது. அதை 'மெய்நிகர்' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. 'பங்கு நேர்' பொருந்துமா?

---

'பங்கு நேர்' என்றதும் பங்குச்சந்தை நினைவு வருகிறது. அதை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம், வேறு சொல் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

ஈட்டை விட்டுவிட்டேன். 'யூனிட் நேர்' என்று மாற்றி எழுத்தரிடம் காட்டினேன். "நேர் பண்ணினது போக நாம கட்ட வேண்டியது எவ்வளவுங்க?" என்றார்.