ஹார்மோன் ஊசிக் காலத்தில் சாப்பாடு, உடற்பயிற்சி, மாத்திரை நேரம்: அனுபவப் பகிர்வு

உணவியல் ஆலோசகர்:

ப்ராஸ்டேட் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டுச் சமையல் மாறிவிடுகிறது. பால் நிறுத்தம், முட்டை நிறுத்தம், கோழி சூடு என்று அதுவும் நிறுத்தம். காலையில் கீரை ஜூஸ், மதியம் கஞ்சி, ராத்திரி இரண்டு இட்லி. மூன்று மாதம் கழித்து அடுத்த ஊசிக்கு வரும்போது அவர்களுடைய பேன்ட் இடுப்பில் இறுகியிருக்கும், தொடையில் தொளதொளவென்று தொங்கும். எடை மெஷினில் அதே 68 கிலோ. வீட்டில் எல்லோரும் "எடை குறையலையே, நல்லதுதானே" என்பார்கள். உள்ளே தசை போய், அந்த இடத்துக்குக் கொழுப்பு வந்திருக்கிறது.

லூப்ரோலைடு, ட்ரிப்டோரெலின் போன்ற ஊசிகளும் சரி, விரையை எடுக்கும் ஆபரேஷனும் சரி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும். அதை நம்பி வளரும் கட்டி பட்டினி கிடக்கும். கூடவே தசையும் எலும்பும் பட்டினி கிடக்கும். வயிற்றுக் கொழுப்பு கூடும், இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காது. அமெரிக்காவில் மெடிகேர் என்ற முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2006-ல் வந்த பெரிய ஆய்வில், இந்த ஊசி போட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து சுமார் 44 சதவீதம் கூடுதலாக இருந்தது. சாப்பாட்டால் கட்டியைக் கரைக்க முடியாது. சிகிச்சை உடம்பில் செய்யும் இந்தச் சேதத்தைப் பெருமளவு தடுக்க முடியும். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போட்டால் சேதம் இன்னும் கூடும்.

புரதக் கணக்கை முதலில் போடுங்கள். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்றால் 65 கிலோ ஆளுக்கு நாளைக்கு 65 முதல் 78 கிராம். இட்லி, சாம்பார், சோறு, ரசம், ஒரு கரண்டி மோர் என்று ஓடும் நாளில் 40 கிராம் தேறினால் பெரிது. இரண்டு முட்டையில் 12, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 12, நூறு கிராம் மீனில் 20, ஒரு பெரிய கப் தயிரில் 6. இவற்றில் ஏதாவது மூன்றை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்த்தால் கணக்கு நேராகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தால் மட்டும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். ப்ராஸ்டேட் அடைப்பால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குப் பொதுக் கணக்கு பொருந்தாது.

கால்சியம் நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம். பால் ஒரு டம்ளர் 200 மி.லி. என்றால் சுமார் 240. ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் 170-க்கு மேல் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் காரணமாக முழுவதும் உடம்பில் ஏறாது. தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லும் நெத்திலி எல்லாம் சேர்த்து 700 வரை சாப்பாட்டிலேயே கொண்டுவரலாம். மீதிக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி. "எலும்புக்கு நல்லது" என்று மூன்று மாத்திரை போடுவோரும் உண்டு. அளவு மீறிய கால்சியத்துக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. குறையும் வேண்டாம், கொட்டிக் குவிக்கவும் வேண்டாம்.

பிசியோதெரபிஸ்ட்:

மேடம் சொன்ன புரதம் தசையாக மாற வேண்டுமானால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஊசிக் காலத்தில் வெறும் நடை போதாது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க ஈஸி சேர். ஆஸ்திரேலியாவில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 57 பேரை வைத்து நடந்து, 2010-ல் வெளியான சோதனையில், எடைப் பயிற்சியும் நடையும் சேர்த்து 12 வாரம் செய்தவர்களுக்குத் தசையும் பலமும் கூடின. டெஸ்டோஸ்டிரோன் இல்லாத உடம்பிலும் தசை வளரும் என்பதுதான் அதில் நமக்கு வேண்டிய செய்தி.

வீட்டிலேயே தொடங்க, கை இல்லாத, சக்கரம் இல்லாத மர நாற்காலி ஒன்று போதும். அதன் முதுகு சுவரில் ஒட்டும்படி போடுங்கள். முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து, இடுப்பு அகலத்துக்கு விலக்கி வையுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதிப் பலன் போயிற்று. எலும்பு மெலிந்தவருக்கு முதுகெலும்பு நசுங்கும் ஆபத்தும் உண்டு. எட்டு தடவை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு. பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது இரண்டையும் சேர்த்தால் மேல் உடம்பும் முடிந்தது. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்க வேண்டாம், பிரஷர் ஏறும்.

நடைக்கு வேகம்தான் முக்கியம். 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வில், நோய் கண்ட பிறகு வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது வேகமாக நடந்தவர்களுக்கு, மெதுவாகக் கொஞ்ச நேரம் நடந்தவர்களைவிட நோய் முற்றுவது 57 சதவீதம் குறைவாக இருந்தது. கவனித்துப் பார்த்துச் சொன்ன கணக்குதான் இது. நடையால்தான் அப்படி ஆனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வேகத்தைப் பிடிப்பதில் நஷ்டமில்லை. நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. பேச வரும், பாட வராது. அதுதான் சரியான வேகம்.

எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பிலோ இடுப்பிலோ புற்றுநோய் பரவல் என்று இருந்தால், ரிப்போர்ட்டைக் காட்டாமல் எதையும் தொடங்காதீர்கள். குனிந்து தூக்குவது, உடம்பை முறுக்குவது, குதிப்பது மூன்றும் கூடாது. புதிதாக முதுகுவலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடம் அழுந்தியிருந்தால் ஒரு ராத்திரி தாமதம்கூட நடையையே பறித்துவிடும்.

புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்:

அபிராடிரோன் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதே பெரிய விஷயம். 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு விழுங்கினால் மருந்து ரத்தத்தில் பத்து மடங்கு வரை ஏறும். ஒரு நாள் நெய் ரோஸ்ட், ஒரு நாள் வெறும் வயிறு என்றால் உடம்புக்குள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு டோஸ் போகிறது.

இரண்டு தவறுகளை ஓயாமல் பார்க்கிறோம். ஒன்று, பால் ஊற்றிய ஃபில்டர் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதது. காபியும் சாப்பாடுதான். இரண்டாவது, கூடவே கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் அதே நேரத்தில் வெறும் வயிற்றில் விழுங்குவது. அதைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் வயிறு புண்ணாகும். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்ததும் அபிராடிரோன் தண்ணீரோடு, ஆறரைக்குக் காபி, எட்டு மணிக்கு டிபன், டிபன் முடிந்ததும் பிரெட்னிசோலோன் என்று வைத்தால் குழப்பமே வராது. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

செலவைக் குறைக்க ஒரே ஒரு 250 மாத்திரையைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு கொடுக்கும் முறையும் உண்டு. 72 பேரிடம் செய்த சோதனை 2018-ல் வெளிவந்தது. நோயின் போக்கைக் காட்டும் ரத்த அளவான பிஎஸ்ஏ குறைவதில் முழு டோஸுக்குச் சளைக்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது. பக்கத்துக் கட்டில்காரர் அப்படி எடுக்கிறார் என்று யாரும் தானாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இந்த மருந்து உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தங்கவைக்கும், பொட்டாசியத்தை இறக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒதுக்கினால் கால் வீக்கமும் பிரஷரும் ஓரளவு கட்டுப்படும். கால் சோர்ந்து துவண்டால், படபடப்பு வந்தால் இளநீர் குடித்துப் பார்ப்போம் என்று நாளைத் தள்ளாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அதே இளநீர் பொட்டாசியத்தை அதிகமாக்கிவிடும்.

சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்):

சிஸ்டர் சொன்ன மாத்திரை நேரத்துக்கு அடுத்து, கடையில் வாங்கும் மாத்திரைகளைப் பற்றிப் பேச வேண்டும். 35,533 ஆண்களை வைத்து 2001-ல் தொடங்கிய செலக்ட் என்ற சோதனையில் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் செலினியமும் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை. வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-ல் தெரிந்தது. நல்லது என்று நம்பிக் கொடுத்த மாத்திரை கெடுதல் செய்தது. அதனால்தான் "ஆன்டி ஆக்ஸிடன்ட் தானே டாக்டர், என்ன ஆகிவிடும்" என்று கேட்பவர்களிடம் இதை நிதானமாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. செறிவூட்டிய கிரீன் டீ கேப்ஸ்யூல் கல்லீரலைத் தாக்கலாம். அபிராடிரோன் எடுப்பவருக்கு ஏற்கனவே கல்லீரல் கண்காணிப்பில் இருக்கிறது. முடிக்கும் நகத்துக்கும் போடும் பயோட்டின், சில லேப் முறைகளில் பிஎஸ்ஏவைக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

காய்கறிகூட மருந்தாகிவிடாது. ஆரம்ப நிலையில் கண்காணிப்பில் மட்டும் இருந்த 478 பேரில் ஒரு பாதியினரை நாளைக்கு ஏழு பங்கு காய்கறிக்கு மேல் சாப்பிட ஊக்கப்படுத்தி இரண்டு வருடம் பார்த்தார்கள். முடிவு 2020-ல் வந்தது: நோய் முற்றுவதில் வித்தியாசம் இல்லை. காய்கறியை விட்டுவிடுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த நோயாளிகளில் பலரைக் கடைசியில் கொண்டுபோவது மாரடைப்பு. காய்கறி இதயத்துக்கு நல்லது. காய்கறியை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான்.

புகை விஷயத்தில் எனக்குத் தயவு கிடையாது. 2011-ல் வந்த ஆய்வில், நோய் கண்டபோது புகைத்துக்கொண்டிருந்தவர்கள் ப்ராஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, புகைக்காதவர்களைவிட 61 சதவீதம் அதிகமாக இருந்தது. விட்டுப் பத்து வருடம் ஆனவர்கள் புகைக்காதவர்களுக்குச் சமமாக இருந்தார்கள். பீடியை நிறுத்தாமல் மாதுளை ஜூஸ் வாங்கிக் கொடுப்பதில் பலனில்லை.

கதிரியக்கத் தொழில்நுட்பர்:

ரேடியேஷன் நாட்களுக்கு மட்டும் மேடம் சொன்ன சுண்டலை ஒதுக்கி வையுங்கள். மலக்குடலில் வாயு நிறைந்தால் ப்ராஸ்டேட் முன்பக்கம் தள்ளப்படும், கதிர் பட வேண்டிய இடம் விலகும். மொச்சை, காராமணி, முட்டைக்கோஸ், சோடா எல்லாம் கடைசி நாள் வரை வேண்டாம். புரதத்துக்கு முட்டை, மீன், தயிர். காலையில் மலம் கழித்துவிட்டு வர வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர், அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு முன் என்பது பொதுவான அளவு, சென்டருக்குச் சென்டர் மாறும். முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு டேபிளில் ஏறுமுன் கடகடவென்று குடித்தால் பை நிறையாது. மொத்தம் ஐந்தே தடவை என்று குறுக்கிய சிகிச்சையில் ஒவ்வொரு தடவையும் அதிகக் கதிர் போகிறது, அங்கே இந்தத் தயாரிப்பு இன்னும் முக்கியம்.

உணவியல் ஆலோசகர்:

சுண்டல் பற்றித் தம்பி சொன்னது சரி, அந்த வாரங்களுக்கு மட்டும்.

எடை இறங்குபவர்களைப் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். மேலே எழுதியதெல்லாம் எடை நிலையாக இருப்பவர்களுக்கும் ஏறுபவர்களுக்கும். நோய் முற்றிய நிலையில், ஆறு மாதத்துக்குள் முயற்சி இல்லாமலே உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் கணக்கு தலைகீழ். கொழுப்பைக் குறைப்பது, பத்தியம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மூன்று வேளையைக் கட்டாயப்படுத்தாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் இடையில் கொடுங்கள், வயிறு அதிலேயே நிரம்பிவிடும். வெறும் அரிசிக் கஞ்சிக்குப் பதில்: நொய் 30 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 30 கிராம், அரை லிட்டர் தண்ணீர், குக்கரில் நாலு விசில். நன்றாக மசித்து மறுபடி கொதிக்கவிட்டு, அடித்த முட்டை ஒன்றை நூல் மாதிரி ஊற்றிக் கிளறி, முட்டை வெந்ததும் இறக்கி நெய் இரண்டு டீஸ்பூன், சீரகப்பொடி. சுமார் 350 கலோரியும் 15 கிராம் புரதமும் கிடைக்கும். முட்டை ஆகாதவர்களுக்கு இறக்கிய பிறகு பால் பவுடர் இரண்டு டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நேராகத் தூவினால் கட்டி கட்டியாக நிற்கும், வாய்க்குப் பிடிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள்.